முதலில் யாரைப் பார்த்தாய்

எங்கள் கிளினிக்குக்குக் கரண்ட் வந்த அன்றே ரத்தமும் வந்துவிட்டது. பெயர்ப்பலகை இன்னும் ஏறவில்லை, பெயின்ட் வாடையும் அடங்கவில்லை. நானும் என் கணவரும் தரையில் உட்கார்ந்து மருந்துப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னாலிருந்து சிலர் ஒருவனைத் தூக்கி இறக்கினார்கள். தொழிலாளர்கள் தங்கும் கேம்பின் சமையலறையில் அடுப்புக்காகச் சண்டை. யார் முதலில் ரொட்டி சுடுவது என்று ஆரம்பித்து, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் முடிந்திருந்தது. அவனுடைய பனியன் மார்புத் தோலோடு ஒட்டிப்போயிருந்தது.

படுக்கைக்கு விரிப்புகூட இல்லை. அட்டைப்பெட்டிகளைத் தள்ளிவிட்டு அவனைப் படுக்க வைத்தோம். என் கணவர் எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகக் கிழித்தார். சலைன் பாட்டில்கள் கிடைத்தன, தீப்புண் களிம்பு கிடைத்தது. நான் கத்தரியால் பனியனை வெட்டியபோது அவன் போட்ட அலறலில் பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் நின்றது. எண்ணெய் ஊற்றியவனும் வாசலில்தான் நின்றிருந்தான். அவன் கையிலும் கொப்புளம் இருந்தது. அதற்கும் மருந்து போட்டேன்.

ஷார்ஜாவைத் தாண்டி, ஊர் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருந்த தொழிற்பேட்டை அது. இரும்பு வெட்டுகிற பட்டறைகள், மார்பிள் அறுக்கிற கூடங்கள், சிமென்ட் கல் போடுகிற யார்டுகள், அவற்றுக்குப் பின்னால் வரிசை வரிசையாக லேபர் கேம்புகள். அத்தனை ஆயிரம் ஆண்கள் இருந்த இடத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு டாக்டரோ மருந்துக்கடையோ இருந்ததில்லை. கை துண்டானால் துணியில் சுற்றிக்கொண்டு டிராஃபிக்கில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதற்கு முன்பு நாங்கள் குவைத்தில், மங்காஃபில் இருந்தோம். நான் ஒரு பாலிகிளினிக்கில் டாக்டர். அவர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பார்மசிஸ்ட். சர்க்கரை, பிரஷர், பிள்ளைகளுக்குச் சளி என்று என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் குடும்பத்துக்காரர்கள். சண்டைக் காயம் ஒன்றைக்கூட அங்கே நான் தைத்ததில்லை. என் கணவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"அடுத்தவன் கவுண்டருக்குப் பின்னாலயே எத்தன நாளைக்கு நிக்கறது அம்மிணி? நீ டாக்டர், நான் மருந்துக்காரன். நம்மளுக்கு இன்னும் என்ன வேணும்?" என்பார். பொள்ளாச்சிப் பேச்சு அவருக்கு மாறவே இல்லை.

இந்த இடத்தைக் காட்டியது ஒரு கீழக்கரை பாய். தொழிற்பேட்டையில் முதன்முதலாக மளிகைக்கடை போட்டவர் அவர். என் கணவருக்குப் பழக்கம். நாங்கள் இடம் பார்க்க வந்த அன்று எனக்கு ஒரு மோர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, "இங்கன ஒரு டாக்டர் வேணும் தங்கச்சி. மனுசன் செத்த பொறவுதான் ஆம்புலன்ஸ் வருது. நீ வந்தியன்னா அல்லா உனக்குக் கூலி தருவான்" என்றார். அவருடைய கடையை ஒட்டியே இரண்டு ஷட்டர் இடம் காலியாக இருந்தது. ஒன்றில் கிளினிக், இன்னொன்றில் மருந்துக்கடை, நடுவே ஒரு கதவு. உரிமம் வாங்க உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயர் தேவைப்பட்டது. பாயே தனக்குத் தெரிந்த ஒரு முதிய அரபியைப் பேசி முடித்துக் கொடுத்தார். அவர்தான் எங்கள் கஃபீல்.

நான் நினைத்து வந்தது வெயில் மயக்கமும், முதுகு வலியும், கண்ணில் விழுந்த இரும்புத்தூளும். அதெல்லாமும் வந்தன. ஆனால் விடுமுறை நாள் என்றால் சண்டைதான். ஸ்பானரால் பிளந்த மண்டை, கடித்துப் பிய்த்த காது, ஸ்க்ரூடிரைவர் இறங்கிய தொடை. ஊரிலிருந்து வந்த ஒரு போன் செய்தியைக் கேட்டுவிட்டுக் கண்ணாடிச் சன்னலைக் கையால் குத்தியவர்கள் பலர். ஒருவன் தன் ஃபோர்மேனின் மூக்கை உடைத்துவிட்டு, உடைந்த மூக்கோடு அவரையே தோளில் தாங்கிக் கூட்டிவந்தான். எங்கள் இருவர் உடுப்பிலும் ரத்தம் இல்லாத நாள் அபூர்வம். அவற்றைத் தனியாக ஊறப்போட்டுத் துவைக்க ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தேன்.

அடிதடிக் காயம் என்றால் டாக்டர் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சட்டம் அப்படி. அதனால் எங்கள் கிளினிக்கில் யாருமே அடிபட்டதில்லை. எல்லோரும் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள். "பாத்ரூம்ல கத்தி இருந்துச்சா?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். போலீஸ் வந்தால் வேலை போகும், ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். போலீஸுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சில சமயம் போலீஸ் வந்தது. பெரும்பாலும் இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டு போய்விட்டது.

எங்களுக்குப் பின்னால் இருந்த பெரிய கேம்புக்கு ஒரு கேம்ப் பாஸ் இருந்தான். ரூம் ஒதுக்குவது, சமையலறைச் சாவி, தண்ணீர் டேங்க், யார் எந்த பஸ்ஸில் ஏறுவது என்று எல்லாம் அவன் கையில். தாராபுரம் பக்கத்துக்காரன். கம்பத்தில் ஏறி எங்கள் பெயர்ப்பலகையை மாட்டியதே அவன்தான். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நம்மூரு அக்கா டாக்டரா வந்திருக்கறாங்க. எனக்குப் பெருமைங்க" என்றான். ஆள் நல்ல உயரம், அகலமான கைகள். எங்கள் மகளைப் பார்த்தால் "பாப்பா" என்று சாக்லேட் எடுத்துக் கொடுப்பான். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவன் தன்னைப் பாப்பா என்று கூப்பிடுவது அவளுக்குப் பிடிக்காது.

மார்பிள் பலகை இறக்கும்போது அவனுக்கு எப்போதோ முதுகு பிசகியிருந்தது. டவுனில் யாரோ ஒரு டாக்டர் நரம்பு வலிக்கான காப்ஸ்யூல் எழுதித் தந்திருக்கிறார். அந்தக் காப்ஸ்யூல் வலியைக் குறைக்கும். தேவைக்கு மேல் போட்டால் போதையாகவும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இங்கே அது கட்டுப்பாட்டில் இருக்கிற மருந்து. டாக்டர் கம்ப்யூட்டரில் எழுதாமல் ஒரு பட்டைகூட வெளியே போகக் கூடாது. டவுன் டாக்டர் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். அதன் பிறகு அவன் காலிப் பட்டையைக் கொண்டுவந்து என் கணவரின் கவுண்டரில் வைத்தான்.

"அண்ணா, இது மட்டும் குடுங்கண்ணா. அக்காகிட்ட அப்பறம் சொல்லிக்கலாம்."

"அது முடியாது தம்பி. அம்மிணி எழுதோணும். எழுதினாத்தான் தருவேன்."

"நம்மூரு ஆளு கேக்கறேன்."

"என்ற அப்பன் வந்து கேட்டாலும் அதேதான்."

அவன் என்னிடம் வந்தான். சோதித்துப் பார்த்தேன். குனிந்தான், நிமிர்ந்தான், கால்களைத் தூக்கினான். வலி இருந்தது, ஆனால் அந்தக் காப்ஸ்யூல் கேட்கிற வலி இல்லை. கண்கள் சிவந்து, பேச்சு லேசாகக் குழறியது. இதை விடுவதற்குச் சிகிச்சை இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரை எனக்குத் தெரியும், யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவன் எழுந்து நின்றான். "என்னைக் குடிகாரன்னு சொல்றீங்களா அக்கா?" என்று கேட்டான். அக்கா என்று அவன் என்னைக் கூப்பிட்டது அதுவே கடைசி.

அதற்குப் பிறகு அவனுடைய கேம்பிலிருந்து முதுகு வலிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு தெலுங்கர், ஒரு பெங்காலி, ஒரு பீகார்காரர். மூன்று பேரும் மூன்று விதமான இந்தியில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். இடுப்பிலிருந்து குதிகால் வரை கரண்ட் அடிக்கிறது என்று. மூன்று பேரும் ஒரே மருந்தின் பெயரைச் சரியாகச் சொன்னார்கள். நான் சாதாரண வலி மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்து வந்தவன் கடலூர்ப் பக்கத்துப் பையன். இருபத்தைந்து வயது இருக்கலாம், வெல்டர். அவனும் கரண்ட் அடிக்கிறது என்றுதான் ஆரம்பித்தான். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"யார் சொல்லி அனுப்பினது?"

அவன் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "டாக்டரம்மா, எழுதிக் குடுத்துடுங்க. வெறுங்கையோட போனா அடிச்சே கொன்னுடுவாரு. அந்தத் தெலுங்குக்காரர் நேத்திலேர்ந்து எழுந்திருக்கல."

"போலீஸ்ல சொல்லலாம். நான் கூட இருக்கேன்."

"வேணாம்மா. எங்க அக்காவுக்குத் தையில கல்யாணம் வச்சிருக்கு. வேலைய விட்டுட்டு என்னால ஊருக்குத் திரும்பிப் போக முடியாது."

எழுதிக் கொடுக்க எனக்கு வழியில்லை. அவன் கையில் தைல பாட்டிலைக் கொடுத்து, டாக்டர் மறுத்துவிட்டார் என்று என் மேலேயே பழியைப் போடச் சொன்னேன்.

மறுநாள் காலையில் ரூம் நண்பர்கள் அவனைக் கொண்டுவந்தார்கள். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்து, முகம் ஒரு பக்கமாக இறங்கித் தொங்கியது. பற்களை ஒருவன் டிஷ்யூ பேப்பரில் சுற்றி எடுத்து வந்திருந்தான். விலாவில் பூட்ஸ் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. பேச முடியாமல் அவன் என் மேசையிலிருந்து பேனாவை எடுத்து, என் உள்ளங்கையிலேயே 'பாத்ரூம்' என்று எழுதினான்.

நான் கையைக் கழுவவில்லை. அந்தக் கையாலேயே போனை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டேன்.

கேம்ப் பாஸை அன்று மாலையே வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பையனிடம் கேட்டபோது, விழுந்துவிட்டேன் என்று தலையை ஆட்டியிருக்கிறான். ரூமில் இருந்தவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. சில நாளில் கேம்ப் பாஸ் திரும்பி வந்துவிட்டான். பாய்தான் வந்து சொன்னார்: "தங்கச்சி, ஆளு வெளிய வந்துட்டான். உங்க பேரச் சொல்லிக் கத்திக்கிட்டுத் திரியிறான். கொஞ்ச நாளைக்குக் கடையச் சாத்திப் போடுங்களேன்."

என் கணவர் கேட்கவில்லை. "நம்ம கடைய நாம எதுக்குச் சாத்தோணும்? தப்புப் பண்ணுனவன் சாத்தட்டும்" என்றார். நானும் அவர் பக்கம்தான் பேசினேன்.

ஒரு நாள் பிற்பகல், அஸர் தொழுகை முடிந்து பாய் கடை திறந்திருந்த நேரம். வெயில் இன்னும் இறங்கவில்லை. எங்களிடம் இருந்த ஒரே நர்ஸ் அன்று லீவு. கிளினிக்கில் நோயாளி யாரும் இல்லாததால் நான் மேசையில் டீ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுக்கதவு வழியாக மருந்துக்கடையில் ஒரு சத்தம் கேட்டது. கீழே மூட்டை விழுந்தது போல இருந்தது. அடுத்து என் கணவரின் குரல், "டேய்" என்று ஒரே ஒரு சொல்.

நான் ஓடிப் போனபோது கேம்ப் பாஸ் கையில் சாரக்கட்டுக் குழாய்த் துண்டு ஒன்று இருந்தது. முதல் அடி என் கணவரின் இடது காதுக்கு மேலே விழுந்திருந்தது. இரண்டாவது அடியை அவர் கையால் தடுத்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கவுண்டருக்கு வெளியே சரிந்து விழுந்தார். அவன் திரும்பி, மருந்து அடுக்கியிருந்த ஆளுயரக் கண்ணாடி ஷோகேஸை அடித்தான். கண்ணாடி மொத்தமாக இறங்கியது. சிரப் பாட்டில்கள் உடைந்து தரையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக ஓடியது.

"எங்கடா வச்சிருக்க? எங்க வச்சிருக்க?" என்று கத்திக்கொண்டே தட்டுகளை இழுத்துப் போட்டான். அந்தக் காப்ஸ்யூல்கள் இரும்புப் பெட்டியில் பூட்டியிருந்தன. நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அவன் முழங்கையால் இடித்ததில் என் உதடு கிழிந்தது. குழாயை மறுபடி என் கணவரின் தலைக்கு நேரே ஓங்கினான். அப்போது கீழே கிடந்த என் கணவர், முறியாத கையால் அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். சிரப்பில் அவன் கால் வழுக்கியது. கையை நீட்டியபடியே உடைந்த ஷோகேஸுக்குள் விழுந்தான்.

அவன் எழுந்து உட்கார்ந்தபோது வலது அக்குளுக்குள்ளிருந்து ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. சுவரில் எதிர்ப்பக்கம் வரை அடித்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம் எல்லாம் போய், ஒன்றும் புரியாத குழந்தை போல ஆகிவிட்டான்.

என் கணவர் தரையில் கிடந்தார். காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்துக்குப் போனது. கண்கள் திறந்திருந்தன. "அம்மிணி" என்றார். நான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்மணியும் ஒரே அளவாக இருந்தன. காலை அசைக்கச் சொன்னேன், அசைத்தார். மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஸ்கேன் எடுத்தால்தான் யாருக்கும் தெரியும். அதற்கு என்னிடம் மருந்து எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சில நிமிடங்களில் செத்துப்போவான் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவனுக்குத் தேவைப்பட்ட மருந்து ஒரு முஷ்டி. அது என்னிடம் இருந்தது.

நான் எழுந்து அவனிடம் போனேன்.

கையில் என்றால் இறுக்கிக் கட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். அக்குளில் கட்டுப் போட முடியாது. விரல்களை மடக்கிக் காயத்துக்குள் திணித்து, எலும்போடு சேர்த்து அழுத்தினேன். ரத்தம் நின்றது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி வந்தது. அவன் வலியில் என் தோளைக் கடித்தான். அவனை நான் வெறுத்தேன். வெறுத்துக்கொண்டேதான் அழுத்தினேன். அந்த முகத்தை நான் அடித்து நொறுக்க நினைத்ததும் உண்மை, அவன் நாடித்துடிப்பு என் விரலுக்கடியில் போய்விடக் கூடாது என்று நினைத்ததும் உண்மை.

"பாய்! பாய்!" என்று கத்தினேன். பாய் வந்து வாசலில் ஒரு கணம் திகைத்து நின்றார். "அல்லாவே" என்றார். உடனே தன் கடைக்கு ஓடி, கட்டாக விற்கிற புதுத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்து, என் கணவரின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துத் துண்டைச் சுற்றினார்.

"கழுத்தத் திருப்பாதீங்க பாய். பேசிக்கிட்டே இருங்க, தூங்க விடாதீங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க."

"சொல்லியாச்சு தங்கச்சி. நீ இங்கன வா. உன் மாப்பிள்ளையப் பாரு."

"வர முடியாது பாய்."

"அந்தப் படுபாவிய விடும்மா!"

நான் இன்னும் அழுத்தினேன். என் கணவர் பாயின் மடியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களுக்கு நடுவே கையை நீட்டினால் தொடுகிற தூரம்தான். என் கை இரண்டும் கேம்ப் பாஸின் அக்குளில் இருந்தன.

அப்போதுதான் டியூட்டி முடிந்து கேம்ப் பஸ்கள் திரும்பின. உடைந்த கண்ணாடியைப் பார்த்து ஆட்கள் இறங்கி ஓடி வந்தார்கள். வாசல் முழுக்கத் தலைகள். ரத்தத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்ததும் முன்னால் வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு பின்னாலிருந்து யாரோ, "சோட் தோ டாக்டர்" என்றான். விட்டுவிடுங்கள் டாக்டர். இன்னொருவன் தமிழில், "சாவட்டும்மா, விடுங்க" என்றான். அதன் பிறகு பல குரல்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தக் கடலூர்ப் பையன் வந்தான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வாயைத் திறக்க முடியாது. என் முன்னால் வந்து நின்றான். நான் அவனைப் பார்த்து, "வேண்டாம்" என்றேன். அவன் காலைத் தூக்கி, இரும்பு முனை வைத்த பூட்ஸால் கேம்ப் பாஸின் விலாவில் உதைத்தான். என் கை நழுவியது. ரத்தம் என் முகத்தில் அடித்தது. மறுபடி விரலை உள்ளே செலுத்தித் தேடிப் பிடித்தேன். பையன் இன்னொரு முறை உதைத்தான்.

"அவன் செத்தா நீ கொலைகாரன்டா! உன்னை இங்கேயே தூக்குல போடுவாங்க! உங்க அக்கா கல்யாணத்துக்கு உன் பொணம்தான் போகும்!" என்று கத்தினேன். நோயாளி யாரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை.

அவன் காலை இறக்கினான். பல்லோடு பல் கட்டப்பட்ட வாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா கத்தலா என்று சொல்ல முடியாத சத்தம். அவனோடு வந்தவர்கள் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆம்புலன்ஸ்கள் வந்தன. முதல் வண்டியில் என் கணவரை ஏற்றச் சொன்னேன். பாய் கூடப் போனார். இரண்டாவது வண்டியில் கேம்ப் பாஸோடு நான் போனேன், கையை எடுக்க முடியாது என்பதால். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சர்ஜன் என் விரலுக்குப் பதில் தன் விரலை வைத்த பிறகுதான் நான் நிமிர்ந்தேன். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. ஒரு நர்ஸ் அவற்றை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டாள்.

இருவரும் பிழைத்தார்கள். கேம்ப் பாஸின் வலது கை பாதிதான் வேலை செய்தது. என் கணவருக்கு மண்டையோட்டில் விரிசல். உள்ளே கொஞ்சம் ரத்தம் கட்டியிருந்தது, ஆபரேஷன் இல்லாமலே கரைந்தது. கைக்குத் தகடு வைத்தார்கள். இடது காது கேட்காமல் போய்விட்டது. அந்தக் காதில் ஏதோ இரைகிற சத்தம் மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

வார்டில் அவருக்கு நினைவு தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மொதல்ல யாரைப் பாத்த?"

"உங்களைத்தான் பார்த்தேன்."

"பாத்துட்டு?"

"பார்த்துட்டு அவன்கிட்ட போனேன்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் அங்க கெடந்தேன். நீ அவன்ற தோளக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருந்த" என்றார்.

நான் விளக்கினேன். தமனி, அழுத்தம், நிமிடங்கள். பார்மசி படித்தவர், அவருக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்பதால் ஆறிவிடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். சாப்பாட்டுத் தட்டை ஒரு நாள் சுவரில் எறிந்தார். அதுவரை அவர் குரலை உயர்த்திக்கூட நான் கேட்டதில்லை. தலையில் அடிபட்டவர்களுக்குக் கோபம் கூடும் என்று டாக்டராக எனக்குத் தெரிந்திருந்தது. சுவரில் வழிந்த சாம்பாரைத் துடைத்தபோது அந்தப் படிப்பு எனக்கு உதவவில்லை.

வழக்கு நடந்தது. இந்த முறை கடலூர்ப் பையனும் போனான். கம்பி எடுத்த வாயால், தன்னை அடித்தது யார் என்று சொன்னான். அவனைத் தொடர்ந்து தெலுங்கரும் மற்றவர்களும் சொன்னார்கள். அடிபட்டவர் எழுத்தில் விட்டுக்கொடுத்தால் தண்டனை குறையலாம் என்றார் கேம்ப் பாஸின் வக்கீல். அதன் பிறகு தாராபுரத்திலிருந்து அவன் மனைவி என் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் செய்தாள்.

"நீங்கதானுங்க அவர்ற உசுரக் காப்பாத்துனது. ஆசுபத்திரில சொன்னாங்களாமா. இன்னும் ஒரே ஒரு தடவ காப்பாத்துங்க அக்கா. ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குது."

நான் போனை என் கணவரின் வலது காதில் வைத்தேன். அவர் முழுவதையும் கேட்டார். அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார்.

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. புள்ளைங்கள நல்லாப் படிக்க வைங்க. ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லி போனை வைத்தார்.

என் முகத்தில் அவர் எதையோ படித்திருக்க வேண்டும். "அவனப் பொழைக்க வச்சது உன்ற வேலை. செஞ்ச. மன்னிக்கறது என்ற வேலை இல்ல" என்றார். அவர் கையெழுத்துப் போடவில்லை. கேம்ப் பாஸ் ஜெயிலில் இருந்துவிட்டு நாடு கடத்தப்பட்டான். அதை நான் தவறு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

கஃபீல் ஒரு நாள் தன் வண்டியில் வந்து, மூடிக்கிடந்த கடையைச் சுற்றிப் பார்த்தார். காய்ந்த ரத்தம் சுவரில் அப்படியே இருந்தது. "டாக்தோரா, கலாஸ்?" என்று கேட்டார். முடித்துக்கொள்ளலாமா என்று அர்த்தம். என் கணவர் கையில் கட்டோடு நின்று, "மாஃபி கலாஸ்" என்றார். முடியவில்லை என்று சொல்ல வந்தார்; அரபு இலக்கணப்படி அது சரியா என்று தெரியாது. கஃபீல் சிரித்துவிட்டார். ஷோகேஸுக்குக் கண்ணாடிக்குப் பதில் இரும்பு வலை போட்டோம். கடை மறுபடி திறந்தது. அவர் அதே கவுண்டரில் போய் நின்றார், இந்த முறை வலது காது வாசலைப் பார்க்கிற மாதிரி.

இப்போதும் சண்டைகள் வருகின்றன. எதிரில் இன்னொரு கிளினிக் வந்துவிட்டதால் பாதி அங்கே போகின்றன. பாய் ஊரோடு போய்விட்டார், மகன் கடையைப் பார்க்கிறான். கடலூர்ப் பையன் அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டு, வேறு கம்பெனி விசாவில் அபுதாபிக்கு வந்திருப்பதாகக் கேள்வி.

எங்கள் மகள் காலேஜில் சேர்வதற்கு முந்தைய கோடையில், ஹாலில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். நான் அடுக்களையில் இருந்தேன். அவள் எங்களோடு பேசுவது பாதி இங்கிலீஷ்.

"அப்பா, ஆனஸ்ட்லி கேக்கறேன். அம்மா ஏன் உங்களை ஃபர்ஸ்ட் ட்ரீட் பண்ணல? எனக்கு அது இன்னும் ஓகே ஆகல."

நான் குழாயை மூடினேன்.

"எனக்கும் ரொம்ப நாளா ஆகல கண்ணு" என்றார். "அம்மா கிட்ட வந்து என்ற கண்ணப் பாத்தா. நான் பாத்தது அவ மொகத்த. எந்திரிச்சுப் போறதுக்கு முன்னால, ஒரு நொடிதான், அவ ஒடம்பு பூராவும் நடுங்குச்சு. அப்பறமா நடுக்கத்த நிறுத்தீட்டுப் போனா. அவன்ற பக்கத்துல உக்காந்தப்ப கை ஆடவே இல்ல. நானா இருந்தா அங்கயே உக்காந்து உன்ற அம்மாவப் புடிச்சுட்டு அழுதிருப்பேன். அவன் செத்திருப்பான். அதுக்கப்பறம் நானும் என்ன ஆயிருப்பனோ, தெரியல."

"ஸோ யூ ஃபர்கேவ் ஹெர்?"

"மன்னிக்கறதுக்கு அவ என்ன தப்பப் பண்ணுனா?" என்றார். குரலில் லேசான எரிச்சல் இருந்தது.

என்னிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. நான் கேட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு டீ போட்டு மூன்று டம்ளரில் ஊற்றி எடுத்துப் போனேன். அவர் தன்னுடையதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை பத்தவில்லை என்றார்.